போயா மாலைக் கதைக்கூட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை டச்சு பே கடற்கரையில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்து உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இறந்துபோன எங்கள் ஆட்களைப் பற்றித்தான் கதைக்கிறோம். ஓட்டோக்காரர் முதல் என் சொந்த மருமகள் வரை எல்லோரும் இதைப் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் முப்பத்து நான்கு வருடம் கணக்குப் படிப்பித்தவன். ஒரே விடையை நூறு தரம் சொல்வது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் வயது போய்விட்டது, எழுதி வைத்துவிடுகிறேன்.

இது என்ன சங்கமா? பெயர் என்ன?

சங்கம் இல்லை, பெயரும் இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் கிடையாது. ஒருவர் பானர் அடித்துத் தருகிறேன் என்று வந்தார். அந்தக் காசுக்குக் கச்சான் வாங்கித் தாருங்கள் என்று சொல்லிவிட்டோம். இரண்டு பாய், ஒரு சுடுதண்ணிப் போத்தல் நிறையப் பிளேன்ரீ, கச்சான் சுருள்கள். எங்கள் சொத்து அவ்வளவுதான்.

எங்கே, எத்தனை மணிக்கு?

போயா அன்று மாலை ஐந்தரைக்கு. அன்று எல்லோருக்கும் லீவு, அநேகமாகப் பிள்ளைகளுக்கு ரியூசனும் இல்லை. இருட்டினாலும் நிலவு இருக்கும். போயாவைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கீழே வரும். ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை மழை என்பதால் என் வீட்டு விறாந்தையில் கூடுவோம். நோன்பு மாதத்தில் கூட்டம் இல்லை. அந்த மாதம் நாங்கள் கிண்ணியாவுக்குப் போய் நோன்புக் கஞ்சி குடித்துவிட்டு வருவோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பிரட்றிக் கோட்டை மான்கள் சாயங்காலத்தில் இந்தப் பக்கம் உலாவும். வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

எப்படித் தொடங்கியது?

ஒரு தையல் மெசின் வியாபாரத்தில் தொடங்கியது.

என் மனைவி 2022 ஆடி மாதம் தவறினாள். நாட்டில் பெற்றோல் இல்லாத நேரம். நாள் கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போவதென்றால் என்ன பாடு என்று. மட்டக்களப்பில் இருந்த அவளுடைய தங்கச்சியால் எட்டுச் செலவுக்குத்தான் வந்து சேர முடிந்தது. அன்று பந்தியில் பதினொரு பேர். அவள் உயிரோடு இருந்திருந்தால் இருபது பேருக்கு மிஞ்சிய சோற்றைப் பற்றி ஒரு கிழமை புலம்பியிருப்பாள்.

எங்கள் ஊர்ச் செத்தவீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும்தானே. முற்றத்தில் கதிரை போட்டு ஆம்பிளைகள், உள்ளே பெண்கள், இரவு இரவாக இறந்தவரைப் பற்றித்தான் கதை. இன்ன வருடம் இப்படிச் செய்தாரே, இன்ன ஆளிடம் இப்படிக் கேட்டாரே என்று. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. கதை எல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது. அதை அப்போது நான் அறியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்து அவளுடைய சிங்கர் கால் மெசினை விற்றுவிடலாம் என்று நினைத்தேன். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைக்காரர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டு, கிண்ணியாவிலிருந்து ஒருவர் பேத்திக்கு வாங்க வந்தார். எழுபது வயது இருக்கும், தொப்பி, கையில் குடை. மெசின் ஓடுமா, பெல்ட் புதிதா என்று கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆரு தச்ச மெசின் இது, மாஸ்டர்?" என்றார்.

"மனிசி. போன ஆடியில தவறிட்டா."

"என்னத்தத் தச்சாங்க?"

எட்டு மாதமாக என்ன வருத்தம், எந்த வாட்டில் இருந்தா, எத்தனை நாள் கிடந்தா என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். என்ன தைத்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் சொல்லத் தொடங்கினேன். வருடம் பிறந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் அரசாங்கம் கொடுக்கும் பள்ளிக்கூட வெள்ளைத் துணியைத் தூக்கிக்கொண்டு வரும். அவள் கவுனின் அடி மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டுத்தான் தைப்பாள். பிள்ளை வளர்ந்ததும் ஆவணியில் ஒரு நாள் கூப்பிட்டு, மடிப்பைப் பிரித்து இறக்கி விடுவாள். பிரித்த இடத்தில் ஒரு கோடு இருக்கும், எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அந்தக் கோட்டை வைத்தே இது என் வீட்டில் தைத்த கவுன் என்று எண்ணிவிடுவேன். ஒரு வருடம் நாற்பத்தொன்று எண்ணினேன்.

இரண்டு மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பினார். "இண்டைக்கு மெசின் வாணாம் மாஸ்டர். அடுத்த கிழமை வாறன், மிச்சத்தச் சொல்லுங்க."

அன்று இரவு நான் பாணும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

சொந்தப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாததை, வழியில் வந்த ஒருவரிடம் எப்படிச் சொன்னீர்கள்?

இந்தக் கேள்வியை என் மகள்தான் முதலில் கேட்டாள், கொஞ்சம் கோபமாக.

பிள்ளைகளுக்கு அம்மாவைத் தெரியும். நான் "மடிப்பில் இரண்டு அங்குலம்" என்று வாயெடுத்தால் மகள் மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடுவாள், பிறகு அழுவாள், நான் என் கதையை விட்டுவிட்டு அவளைத் தேற்றப் போவேன். மகன் இலண்டனில். போனில் அவன் கேட்பது "சாப்பிட்டீங்களா அப்பா", நான் சொல்வது "ஓம்". இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

காக்காவுக்கு (முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல், மெசின் வாங்க வந்தவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) அவளை ஒரு பொட்டும் தெரியாது. ஆகவே ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. உயரம் எவ்வளவு, குரல் எப்படி, எந்த ஊர்ப் பெண், எதற்கெல்லாம் கோபம் வரும். ஒரு நாள் கேட்டார், "எந்தக் காலால மிதிப்பாங்க?" யோசித்துப் பார்த்தேன். இரண்டு காலாலும்தான், ஆனால் வலது கால் முன்னுக்கு. இடது கால் செருப்பை மட்டும் கழற்றி வைத்துவிடுவாள். முப்பத்தாறு வருடம் பார்த்த காட்சி, அவர் கேட்கும் வரை எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

இன்னொன்று: அவர் என்னைத் தேற்ற வந்தவர் இல்லை, மெசின் வாங்க வந்தவர். "எல்லாம் விதி", "அவ குடுத்து வச்சவ, கிடந்து உத்தரிக்காமப் போயிட்டா" என்று ஆறுதல் சொல்கிறவர்களுக்கு மறுமொழி சொல்லிக் களைத்துப்போயிருந்த எனக்கு, ஆறுதல் சொல்லாத ஓர் ஆள் கிடைத்தது பெரிய ஆறுதல்.

இரண்டு பேர் எப்படிப் பன்னிரண்டு பேர் ஆனீர்கள்?

வீட்டில் இருந்து கதைத்துக் கால் பிடித்துக்கொண்டதால் கடற்கரைக்கு வந்தோம். பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஒட்டுக்கேட்டார். அடுத்த தரம் தன் அண்ணனைக் கொண்டுவந்தார், அதாவது அண்ணனின் கதையை. பிறகு ஒருவருக்கொருவர் சொல்லி வந்து சேர்ந்தார்கள்.

அங்கே என்னதான் நடக்கும்?

எங்கள் தமிழில் பேசுவதற்கே கதைப்பது என்றுதானே பெயர். அதுதான் நடக்கும். ஒரு தரத்துக்கு ஒருவரோ இருவரோ சொல்வார்கள், மற்றவர்கள் கேட்பார்கள், இடையிடையே கேள்வி கேட்பார்கள். கேட்கலாம், புத்தி சொல்லக்கூடாது. "எனக்கும் இப்படித்தான்" என்று குறுக்கே விழுந்து தன் கதையைத் தொடங்கக்கூடாது. இது நம் ஆட்களுக்கு மிகவும் கஷ்டமான சட்டம், நானே மாதம் ஒரு தரமாவது மீறுகிறேன். சும்மா கச்சான் உடைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போகவும் செய்யலாம். ஒருவர் ஏழு போயா வந்து ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தார். எட்டாவதில் தொடங்கியவரை நிப்பாட்ட முடியவில்லை, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டார்.

எனக்குக் கதை சொல்லத் தெரியாதே?

கதை சொல்லத் தெரிந்தவர்கள்தான் எங்களுக்குத் தொல்லை. மேடைப் பேச்சுப் பழக்கம் உள்ள ஒருவர் தன் தகப்பனாரைப் பற்றி முக்கால் மணித்தியாலம் கதைத்தார். நேர்மையானவர், பண்பாளர், ஊருக்கு உழைத்தவர். நினைவு மலரில் அச்சடிக்கலாம், ஆனால் அந்த மனிதரை எங்கள் யாருக்கும் தெரியவில்லை. முடித்ததும் காக்கா கேட்டார், "வாப்பா மீன் வாங்கப் போனா எப்பிடி வாங்குவாரு?" மனிதர் சிரித்துவிட்டார். தகப்பனார் செவுளைத் தூக்கிப் பார்ப்பாராம், பிறகு வாலை மடக்கிப் பார்ப்பாராம், பிறகு விலை கேட்டுவிட்டு வாங்காமல் அடுத்த ஆளிடம் போவாராம், கடைசியில் முதல் ஆளிடமே திரும்பி வருவாராம், அதற்குள் அந்த மீன் விற்றுப் போயிருக்குமாம். ஒவ்வொரு ஞாயிறும். அன்றைக்குத்தான் அந்தப் பெரியவர் எங்களோடு வந்து பாயில் இருந்தார்.

ஆகவே ஒரு சாமானிலிருந்து தொடங்குங்கள். மூக்குக் கண்ணாடி, சைக்கிள், மருந்துப் பெட்டி, கையெழுத்துப் போட்ட விதம். மற்றதெல்லாம் பின்னால் வரும்.

செத்தவரைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தால் துக்கம் கூடாதா? மறக்கத்தானே வேண்டும்?

எங்கள் தாதி அம்மா இதுபற்றி வாசித்தவர், அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். துக்கத்துக்கு ஐந்து படி இருக்கிறது, மறுப்பு, கோபம் என்று ஒவ்வொன்றாய் ஏறி இறங்கினால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஐந்து படி 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற வைத்தியர் எழுதியது, அவர் அதிகம் கதைத்தது சாகக் கிடந்த நோயாளிகளோடு. பின்னால்தான் அதைத் தூக்கி மிஞ்சியிருப்பவர்கள் தலையில் வைத்தார்கள்.

1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள் சொன்னது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் போய்ப் போய் வருவார்: கொஞ்ச நேரம் இழப்போடு இருப்பார், கொஞ்ச நேரம் கரண்ட் பில் கட்டுவது, சமைக்கப் பழகுவது என்று வாழ்க்கைப் பக்கம் இருப்பார். இரண்டும் வேண்டும், ஒன்றிலேயே நிற்பதுதான் ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. நான் காலையில் பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் விடுவதென்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கிறேன், மாலையில் என் மனைவி வைத்த பருப்பைப் பற்றிக் கதைக்கிறேன். அதுவும் இதுவும்.

மறப்பதைப் பற்றி: நம் ஆட்கள் எப்போது மறந்தார்கள்? வருடாவருடம் திதி கொடுக்கிறோம். ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்காகவும் சித்திராப் பௌர்ணமிக்குத் தாய்க்காகவும் விரதம் இருக்கிறோம். இறந்தவரோடு உள்ள உறவு தொடரத்தான் செய்யும், அதில் நோய் ஒன்றும் இல்லை என்று மேல்நாட்டு ஆய்வாளர்கள் 1996இல் எழுதினார்களாம். எங்கள் அப்பாச்சி அதை வாழைக்காய்க் கறி வைத்துப் படைத்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதுதான் சடங்குகள் இருக்கின்றனவே, போதாதா?

சடங்கு பெரிய விஷயம், நான் குறைத்துச் சொல்லமாட்டேன். செத்தவீட்டில் சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடும்போது உடம்புக்கு ஏதோ ஒன்று விளங்குகிறது. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியாவுக்குப் போனோம். நகரத்திலிருந்து எட்டுக் கிலோமீற்றர், ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. தாய் இறந்த துக்கத்தில் கடன் கழிக்க இராவணன் ஏழு இடத்தில் நிலத்தில் குத்தி நீர் வரவழைத்தான் என்பது ஊர்க்கதை. பத்துத் தலை இருந்தாலும் அம்மா செத்தால் யாரோ வந்து இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அந்த வாளித் தண்ணீரைத் தலையில் விட்டபோது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் சடங்குக்கு நாள் கணக்கு உண்டு. எட்டு, முப்பத்தொன்று, பிறகு வருடம். கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்கள் இருக்கும் இத்தா நான்கு மாதம் பத்து நாள். முப்பத்திரண்டாம் நாள் காலையில் என்ன செய்வது என்பதைத்தான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

சடங்கே கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் முஸ்லிம்களின் ஜனாஸாக்களும் (உடல்களும்) எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்து, மார்ச்சிலிருந்து உடல்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்குக் கொண்டுபோகப்பட்டன. அந்தக் காலத்தில் தாயைப் பறிகொடுத்த ஒருவர் எங்களிடம் வருகிறார். அவருடைய கதையை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவருடையது.

தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாம் கலந்து இருக்கிறீர்களே, சண்டை வராதா? யுத்தத்தில் இறந்தவர்களைப் பற்றி?

வரும், வந்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் யாருடைய குடும்பத்தைத் தொட்டாலும் ஏதோ ஒரு வருடம் வந்து நிற்கும், 1985, 1990, 2006 என்று. ஆகவே இறந்தவரைப் பற்றி மட்டும் கதைப்போம், கொன்றவர் யார் என்ற வழக்கை இந்தப் பாயில் நடத்துவதில்லை என்று முடிவு செய்தோம். அந்த வழக்கு முக்கியமில்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுக்க வேண்டாம். அதற்கு வேறு இடம் வேண்டும், அந்த இடம் கிடைக்காததுதான் கொடுமை.

இதில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிடுகிறேன். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் தாயார் வருவார். மகனைப் பற்றி எப்போதும் நிகழ்காலத்தில்தான் கதைப்பார். "அவனுக்கு நண்டுக் கறி எண்டா உயிர், காலைக் கடிச்சு எனக்குத்தான் சதை எடுத்துத் தருவான்" என்பார். ஒரு நாள் அவன் பிறந்த வருடத்தைச் சொன்னார். நான் கணக்கு வாத்தியார் புத்தியில் உடனே, "இருந்திருந்தால் இப்ப முப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டேன்.

இருந்திருந்தால். ஒரே சொல். அவர் எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான்கு போயா வரவில்லை. நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், பிளேன்ரீ தந்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் போயாவுக்கு வந்தார், தாதி அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், இன்றுவரை என் பக்கம் அதிகம் திரும்பமாட்டார். சரி, அது அவர் உரிமை. அன்றிலிருந்து யாருடைய வினைச்சொல்லையும் நாங்கள் திருத்துவதில்லை.

ஏன் போயா? காக்காவுக்கு என்ன துக்கம்?

அவர் அனுமதித்ததால் எழுதுகிறேன்.

காக்கா கிண்ணியா பாதையில் வேலை செய்தவர். வெளியூர்க்காரர்களுக்கு: பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கும் வரை துறையடியில் அதுதான் வழி. பாதைக் கதை என்றால் அவரிடம் கொட்டிக் கிடக்கும். நடு ஆற்றில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சண்டை பிடித்து, இறங்கிப் போக இடமில்லாமல் சமாதானம் ஆன கதை. குதித்து நீந்திக் கரை சேர்ந்த ஆட்டுக்கு டிக்கெட் காசு திருப்பிக் கேட்டவர் கதை. சோதனைத் தாளைத் திருத்திக்கொண்டே கடக்கும் ரீச்சர், காற்றில் பறந்த தாளுக்கு எல்லோரும் பாய்ந்த கதை.

ஐந்து மாதம் இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரித்தேன். ஒரு நாள்தான் ஒன்று உறைத்தது. கல்யாணச் சண்டையில் ஒரு சின்னப் பிள்ளை பெண்ணின் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆடு குதித்தபோது ஒரு சின்னப் பிள்ளைதான் முதலில் கத்தும். பறந்த தாளை ஒரு சின்னப் பிள்ளைதான் பிடிக்கும், அதில் எத்தனை புள்ளி என்று வாசித்து ரீச்சரிடம் ஏச்சும் வாங்கும். எல்லாக் கதையிலும் ஒரு மூலையில் அவள் இருந்தாள். எண்ணுவதே தொழிலாக இருந்த நான் இதை எண்ணவில்லை.

"காக்கா, அந்தப் பிள்ளை ஆர்?"

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "மகள்" என்றார்.

2004 டிசம்பர் 26, சுனாமி. பதினொரு வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் பாதையில் ஏறி வாப்பாவோடு போய்வருகிற பிள்ளை, அன்று காய்ச்சல் என்று வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அலை வந்தபோது இவர் அக்கரையில். அன்றும் போயா, ஞாயிற்றுக்கிழமை. அவருடைய மனைவிக்கும் அவருக்கும் போயா என்றாலே வீட்டில் இருப்புக் கொள்ளாது. நாங்கள் போயாவைத் தேர்ந்தது அதனால்தான்.

பத்தொன்பது வருடமாக அவர் யாரிடமும் அவளைப் பற்றிக் கதைத்ததில்லை என்று சொன்னார். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. எல்லோரிடமும் கதைத்திருக்கிறார், பாதைக் கதையில் ஒளித்து வைத்து.

கோணேசர் கோவில் இருக்கும் சுவாமி மலையில் குதித்ததாகச் சொல்லப்படும் டச்சுப் பெண்ணின் கதை உண்மையா?

கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றாலும், பாயில் இருந்தால் மலை தெரிவதால் எல்லோரும் கேட்கிறார்கள். 1687 ஏப்ரல் 24 என்று பொறித்த ஒரு தூண் அங்கே உண்டு. பிரான்சினா வான் ரீட் என்ற பெண், காதலன் கப்பலேறிப் போனதைத் தாங்காமல் உயிரை விட்டாள் என்று சொல்வார்கள். ஆனால் டச்சு ஆவணங்களைப் புரட்டியவர்கள், அவள் சாகவில்லை, அதற்குப் பல வருடம் பின்னால் கல்யாணம் முடித்து வாழ்ந்திருக்கிறாள் என்று கண்டார்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு முதல் பாதிதான் பிடிக்கும். காக்காவுக்கு இரண்டாம் பாதி. கப்பல் போன அடுத்த நாள் காலையில் அவள் என்ன செய்திருப்பாள் என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்கள் கூட்டத்தில் இதுவரை ஆறு விடை வந்திருக்கிறது.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால்?

அப்படி என்றால் போயா வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே வாயைத் திறந்து ஒருவரிடம் அந்தச் சொல்லை அப்படியே சொல்லுங்கள். இலங்கையில் 1926 என்ற இலக்கம் தேசிய மனநல உதவித் தொலைபேசி, தமிழிலும் கதைக்கலாம். பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு. தனியாகப் போகக் கூச்சம் என்றால் எங்களில் ஒருவர் கூட வருவார், வந்திருக்கிறோம். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, மாதக்கணக்காக ஒரு வேலையும் ஓடவில்லை என்றால் வைத்தியரைத்தான் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேலும் துக்கம் கொஞ்சமும் தளராமல் ஆளை முடக்கிப் போட்டிருந்தால் அதற்குச் சிகிச்சை தேவைப்படலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே சொல்கிறது. தடிமனுக்கு மருந்து எடுக்கிற நாங்கள் இதற்கு எடுக்க என்ன வெட்கம்?

எத்தனை நாளில் சரியாகும்?

தெரிந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பேன். இரண்டு வருடம் கழித்து, முருங்கைக்காய் கட்டு விலை கேட்கும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. அதே நாள் மாலை வயிறு நோகச் சிரித்தேன்.

வெளிநாட்டில் இருக்கிறேன். அப்பாவின் செத்தவீட்டைப் போனில்தான் பார்த்தேன். நான் எப்படி வருவது?

வட்ஸ்அப்பில் வாருங்கள். கனடாவிலிருந்து ஒரு தங்கச்சி வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி வருவார், அங்கே காலை எட்டு மணி. போனை வெறும் பால்மா ரின்னுக்குள் நிமிர்த்தி வைத்தால் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். அவர் தகப்பனார் பற்றிச் சொல்லும்போது இடையிடையே இங்கிலீசில் பஸ் நிறுத்தத்தின் பெயர் வரும், பழகிவிட்டது.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. பெரியவர்கள் கேட்கத் தயங்குவதை அவர்கள்தான் கேட்பார்கள்.

கூட்டம் எனக்கு ஒத்துவராது. வேறு வழி?

எல்லோருக்கும் ஒத்துவராது, ஒரு தரம் வந்து திரும்பாதவர்கள் பலர். எழுதிப் பாருங்கள். 1980களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனதை அறுத்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். அதன் பின் அவர்கள் வைத்தியரிடம் போனது குறைந்ததாம். துக்கத்துக்கு இது எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் ஒரு சீ.ஆர். கொப்பி என்ன விலை? அதுவும் வேண்டாம் என்றால் ஏதாவது ஒரு சாமானை விற்கப் போடுங்கள்.

கடைசியில் மெசின் என்ன ஆனது?

காக்கா முதல் தரம் வந்து ஆறாம் மாதம் ஒரு லான்ட் மாஸ்டரில் (கை உழவு இயந்திரத்தில்) ஏற்றிப் பாலத்தால் கிண்ணியாவுக்கு அனுப்பினேன். லாச்சிக்குள் கிடந்த பச்சை நூல் சுற்றிய பொபினை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். காக்காவின் பேத்தி முதலில் தைத்தது தன் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனைத்தான். கொண்டுவந்து காட்டினாள். அடி மடிப்பைத் திருப்பிப் பார்த்தேன், இரண்டு அங்குலம் விட்டிருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதற்கு, "மூத்தவாப்பா சொன்னாரு" என்றாள்.

விலை மட்டும் இன்னும் தீரவில்லை. முதலில் நான் முப்பதாயிரம் என்றேன், அவர் இருபது என்றார். பிறகு நான் இருபத்தைந்துக்கு இறங்கிய நாளில் அவர் பதினெட்டு என்றார். போன போயாவுக்கு இருபத்திரண்டாயிரத்தை எண்ணிப் பாயில் வைத்துவிட்டார். யோசித்து அடுத்த போயாவுக்குச் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.